எடுத்துச்செல் தட்டும் கணினிப் புழுவும்

பண்டங்கள் ஓரிடத்திலிருந்து வேறோரிடத்திற்குச் செல்லுமிடத்து, அனுப்பியவரும் பெறுபவரும் அறியாத சில பொருள்களும் உடன் செல்லுதல் உலகியல்பு. 1347 ஆம் ஆண்டிற் சிசிலித் தீவின் மெசினாத் துறைக்கு வந்த செனோவா வணிகரின் மரக்கலங்கள் பண்டங்களோடு கொள்ளை நோயையும் கொணர்ந்தன. முப்பதாண்டு கழிந்தபின், 1377 இல், அதிரியாத்திக் கடற்கரையிலுள்ள இரகூசா நகர மன்றத்தார், நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் நகர்ப்புறத்தே தங்கியிருந்த பின்னரே உட்புகலாம் என விதித்தனர். அவர்கள் நோயின் உண்மைக் காரணத்தை அறிந்தாரல்லர். எனினும், வருவோர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்க என்று அறிவுரை கூறி அமையாது, வாயிலிலேயே தடையை அமைத்தனர் என்பது கருதத்தக்கது.

கணினி உலகிலும் இதனையொத்த வரலாறு ஒன்று உண்டு. ஒரு பொறியிலிருந்து கழற்றி மற்றொரு பொறியிற் பூட்டத்தக்க நெகிழ்தட்டு, இறுவட்டு, பென்டிரைவ் ஆகியவற்றின் வழியே நாசநிரல்கள் பரவியதும், அவற்றைக் களைய மக்கள் முயன்றதுமாகிய அவ்வரலாறு ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலத்தது. அதனை ஆராயுமிடத்து ஒரு வினா இடையறாது எழுகின்றது. நோயுற்ற தட்டைக் கொண்டுசென்றவர் மேற் குற்றஞ் சுமத்துவதா, அன்றி அத்தட்டிலுள்ள கட்டளையைக் கேளாமலே நிறைவேற்றும்படி பொறியை அமைத்தவர் மேற் சுமத்துவதா என்பதே அவ்வினா.

புழுவும் வைரசும்

தன்னைத்தானே படியெடுக்கும் பொறி இயலுமா என்பது முதலிற் கணித ஆராய்ச்சியாகவே தோன்றியது. ஜோன் வொன் நோய்மன் என்னும் பேரறிஞர் 1949 இல் இலினொய் பல்கலைக்கழகத்தில் இப்பொருள் பற்றி விரிவுரையாற்றினார். அவர் 1957 இல் மறைந்தபின், அவ்வாராய்ச்சி 1966 இல் நூலாக வெளிவந்தது. 1971 இல் பொப் தோமஸ் என்பவர் ஆர்ப்பாநெற் வலையமைப்பிற் பொறிக்குப் பொறி நகரும் ‘கிறீப்பர்’ என்னும் நிரலை எழுதினார். அது தீங்கு செய்யவில்லை. தன் வரவை அறிவித்து அகன்றது. அதனைத் தேடி நீக்குதற்கு ‘றீப்பர்’ என்னும் மற்றொரு நிரல் எழுதப்பட்டது. நோயும் மருந்தும் ஏறத்தாழ ஒருங்கே பிறந்தன எனலாம்.

‘புழு’ என்னும் பெயர் 1975 இல் ஜோன் புரூணர் எழுதிய புனைகதை ஒன்றிலிருந்து வந்தது. கலிபோர்னியாவிலுள்ள செறொக்ஸ் ஆய்வுகூடத்தில் ஜோன் ஷொக், ஜோன் ஹப் என்னும் இருவர், வேலையின்றிக் கிடக்கும் கணினிகளிற் பகிர்ந்து இயங்கும் நிரல்களுக்கு அப்பெயரையிட்டு, 1982 இல் தம் ஆய்வை வெளியிட்டனர். ஓரிரவு இயங்க விடப்பட்ட சிறு புழுவொன்று பிழைபட்டு, விடிந்தபோது பல கணினிகளை முடக்கியிருந்தது. எனினும், புழு அனைத்தையும் ஒருங்கே நிறுத்தும் அவசரக் கட்டளை ஒன்றை அவர்கள் முன்னரே அமைத்திருந்தனர். பின்வந்த புழுக்களைப் படைத்தவர் பலர்க்கு அத்தகைய முன்யோசனை இருந்ததில்லை.

பிறிதொரு நிரலிலோ தட்டின் தொடக்கப் பகுதியிலோ ஒட்டி வாழ்வது வைரசு. தனித்து நின்று தன் படியைத் தானே அனுப்புவது புழு. ‘வைரசு’ என்னும் பெயரை ஆய்வுலகில் நிலைநாட்டியவர் பிரெட் கோஹன் என்பவர். 1983 இற் சோதனைகள் செய்ததன்றி, எல்லா வைரசுகளையும் பிழையின்றி இனங்காணும் பொதுமுறை ஒன்று இருத்தல் இயலாது என்பதையும் அவர் நிறுவினார். இம்முடிபு மிக முக்கியமானது. வருவனவற்றையெல்லாம் சோதித்துத் தீயதைப் பிரித்தெடுப்பது முற்றும் இயலாதெனின், வாயிலை எவ்வாறு அமைப்பது என்பதே தலையாய பிரச்சினையாகின்றது.

நெகிழ்தட்டுக் காலம்

நெகிழ்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1971 இல் வெளியிட்டது. அப்போது அதன் விட்டம் 8 அங்குலம். 1976 இல் 5¼ அங்குலத் தட்டு வந்தது. 1980 ஆம் ஆண்டுகளில் 3½ அங்குலத் தட்டுப் பரவியது. வீடுகளிலும் பள்ளிகளிலும் இருந்த கணினிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. ஆகவே, நிரல்கள் தட்டில் ஏறிக் கைமாறியே பயணஞ் செய்தன.

1982 இல் ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரை அடுத்து வாழ்ந்த ரிச் ஸ்கிரென்டா என்னும் பதினைந்து வயது மாணவர், அப்பிள் 2 கணினிக்கென ‘எல்க் குளோனர்’ என்னும் நிரலை எழுதினார். நோயுற்ற தட்டிலிருந்து கணினி தொடங்கப்பட்டால் நிரல் நினைவகத்திற் குடிகொள்ளும். பின்பு செருகப்படும் தூய தட்டிலெல்லாம் தன்னைப் படியெடுக்கும். ஐம்பதாவது தடவை தொடங்கும்போது சிறு செய்யுளொன்றைத் திரையிற் காட்டும். நண்பரை நகையாடக் கருதிய மாணவர் விளையாட்டே ஆய்வுகூடத்திற்கு வெளியே பரவிய முதல் வைரசுகளுள் ஒன்றாயிற்று.

1986 இற் பாக்கித்தானின் லாகூர் நகரில் மென்பொருள் வணிகஞ் செய்த பாசித் பாரூக் அல்வி, அம்ஜத் பாரூக் அல்வி என்னும் உடன்பிறந்தார் இருவர் ‘பிறெயின்’ என்னும் வைரசை எழுதினர். ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரசு இதுவே. தம் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை அதனுள்ளேயே எழுதி வைத்தமை வியப்புக்குரியது. தம் நிரலை விலை கொடாது படியெடுப்பாரைக் கண்டறியவே அவ்வாறு செய்ததாக அவர்கள் கூறினர். அடுத்த ஆண்டில் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ‘ஸ்ரோன்ட்’ தோன்றியது.

இவை பரவிய முறை நோக்கற்பாலது. கணினி தொடங்கும்போது, செருகப்பட்ட தட்டின் முதற்பகுதியிலுள்ள சிறு கட்டளைத் தொகுதியைப் படித்து, அதன் தன்மையை ஆராயாது அப்படியே நிறைவேற்றும். வைரசு அவ்விடத்தைக் கைப்பற்றிக்கொண்டது. பயன்படுத்துபவர் வெறும் கடிதங்களையே கொண்ட தட்டொன்றை மறதியாக உள்ளே விட்டுக் கணினியைத் தொடக்கினாலும் போதும். இது தொடக்குதற்குரிய தட்டன்று என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றுமுன்னரே வைரசு உட்புகுந்துவிடும். தட்டை எடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தவர் தம் பொறி நோயுற்றதை எவ்வாறு அறிவார்?

களையும் முறையும் இதிலிருந்தே பிறந்தது. நோயுற்ற கணினியைத் தன் வன்தட்டிலிருந்து தொடக்கிச் சோதித்தாற் பயனில்லை. வைரசு முன்னரே நினைவகத்தில் அமர்ந்து உண்மையை மறைக்கும். பிறெயின் இவ்வித்தையை அறிந்திருந்தது. அதனால், மின்னை முற்றாக நிறுத்தி, எழுதவியலாதவாறு காக்கப்பட்ட தூய தட்டிலிருந்து தொடக்கி, அதன் பின்னரே தொடக்கப் பகுதியைத் திருத்தி எழுதல் வேண்டும். 5¼ அங்குலத் தட்டின் ஓரத்துள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடுவதும், 3½ அங்குலத் தட்டின் மூலையிலுள்ள சிறு கதவை நகர்த்துவதும் அக்காப்பைத் தந்தன. தட்டு எழுதப்படலாமா என்பதை அங்கே நிரல் தீர்மானிக்கவில்லை. மனிதனின் கை தீர்மானித்தது. பின்வந்த பென்டிரைவ்களுட் பெரும்பாலானவற்றில் இவ்வசதி இல்லாது போனமை ஓர் இழப்பேயாம்.

1992 ஆம் ஆண்டு மார்ச்சு 6 ஆந் தேதி, ‘மைக்கலாஞ்சலோ’ என்னும் வைரசு தட்டுகளிலுள்ளவற்றை அழிக்கும் எனப் பேரச்சம் எழுந்தது. அஞ்சியதிற் சிறு பகுதியே நிகழ்ந்தது. ஆயினும், வைரசுத் தடுப்பு நிரல் என்னும் பொருளைப் பொதுமக்கள் அறிந்தது அப்போதுதான் எனல் பொருந்தும்.

கேளாமற் செய்யும் பொறி

1995 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 95 என்னும் பணிசெயல் முறைமையை வெளியிட்டபோது, ‘ஓட்டோரன்’ என்னும் வசதியையும் அதிற் சேர்த்தது. இறுவட்டைச் செருகியவுடன், அதிலுள்ள சிறு அறிவுறுத்தற் கோப்பொன்றைக் கணினி படித்து, அது குறிக்கும் நிரலைத் தானே இயக்கும். கணினிப் பயிற்சி குறைந்தோர்க்கு உதவுதலே அதன் நோக்கம். அக்கால இறுவட்டு ஆலையில் அச்சிடப்பட்டு வந்தது. வாங்கியவர் அதில் யாதும் எழுத இயலாது. ஆகவே, அதனை நம்புதல் அப்போது பெருந்தவறாகத் தோன்றவில்லை.

யூ.எஸ்.பி. இணைப்பு முறை 1996 இல் வரையறுக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் விரலளவான பென்டிரைவ் விற்பனைக்கு வந்தது. ஐ.பி.எம். நிறுவனம் அவ்வாண்டிறுதியில் விற்றது 8 மெகாபைற்றுக் கொள்ளளவினதே. எனினும், அது நெகிழ்தட்டைப் போல் ஐந்து மடங்குக்கு மேற் கொண்டது. எவரும் எத்தனை முறையும் எழுதத்தக்க இச்சிறு கருவிக்கும், எழுதவியலாத இறுவட்டுக்கு அளித்த நம்பிக்கையின் பெரும்பகுதி அளிக்கப்பட்டது. பிழை இங்கேதான் நேர்ந்தது.

புழு எழுதுவோர் இதனை விரைந்து உணர்ந்தனர். புழு தன் படியைப் பென்டிரைவில் மறைகோப்பாக வைக்கும். அதனைச் சுட்டும் அறிவுறுத்தற் கோப்பையும் எழுதும். வேறொரு கணினியிற் செருகியவர் அதனைத் திறக்க இருமுறை சொடுக்குவார். கோப்புகள் திறப்பதற்கு முன் புழு இயங்கும். பின்னர், ஐயம் எழாதவாறு கோப்புகளையும் திறந்து காட்டும். கணினி தொடங்குந்தோறும் தான் இயங்குமாறு பதிவேட்டில் தன் பெயரைப் பொறிக்கும். மறைகோப்புகளைக் காட்டும் வசதியை முடக்கும். இனிச் செருகப்படும் பென்டிரைவ்களுக்காகக் காத்திருக்கும். வினாத்தாளை அச்சிடக் கொண்டுசென்ற ஆசிரியரும் ஒப்படையைக் கொண்டுசென்ற மாணவரும் பொதுக் கணினியொன்றிலிருந்து புழுவைத் தம் நிலையத்திற்குக் கொணர்வது இவ்வாறே.

2008 ஆம் ஆண்டின் மூன்று நிகழ்ச்சிகள்

இம்முறையின் வன்மையை 2008 ஆம் ஆண்டு உலகிற்கு உணர்த்தியது. அவ்வாண்டு ஓகத்து மாதத்தில், சருவதேச விண்வெளி நிலையத்திலிருந்த மடிகணினிகளிற் புழுவொன்று காணப்பட்டதை நாசா நிறுவனம் உறுதிப்படுத்தியது. இணைய விளையாட்டுகளின் கடவுச்சொற்களைத் திருடுதற்கென எழுதப்பட்ட அப்புழுவுக்கு விண்வெளியில் ஒரு வேலையும் இல்லை. ஆயினும், நிலவுலகின் வலையமைப்புகளினின்றும் நெடுந்தொலைவிலிருந்த இடத்தை அது சென்றடைந்தது.

அதே ஆண்டில், மத்திய கிழக்கிலிருந்த அமெரிக்கப் படைத்தளமொன்றில், மடிகணினி ஒன்றிற் செருகப்பட்ட பென்டிரைவ் வழியாகப் புழுவொன்று பாதுகாப்புத் திணைக்களத்தின் வலையமைப்புகளுட் புகுந்தது. இரகசிய வலையமைப்பும் தப்பவில்லை. 2008 நவம்பரில் படையினர் பென்டிரைவ்களைப் பயன்படுத்துதல் தடுக்கப்பட்டது. 2010 பெப்ரவரியிலேதான் அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. பிரதிப் பாதுகாப்புச் செயலாளராயிருந்த வில்லியம் லின் 2010 இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை வெளிப்படுத்தினார்.

மூன்றாவது, அவ்வாண்டு நவம்பரிலே தோன்றிய ‘கொன்பிக்கர்’. விண்டோசின் குறையொன்றை மைக்ரோசொப்ட் ஒக்தோபர் 23 ஆந் தேதி திருத்தி வெளியிட்டிருந்தது. அத்திருத்தத்தைச் சேர்க்காத பொறிகளையே முதலில் அது வலையமைப்பு வழியாகத் தாக்கியது. திசம்பர் இறுதியில் வந்த அதன் இரண்டாம் வடிவம் பென்டிரைவ்களையும் துணைக்கொண்டது. பென்டிரைவைச் செருகியதும் தோன்றும் தெரிவுப் பட்டியலில், கோப்புறையைத் திறந்து பார்க்க என்னும் பழகிய சொற்களையும் கோப்புறைப் படத்தையும் போலியாகக் காட்டியது. அதனைத் தெரிந்தவர் திறந்தது கோப்புறையன்று, புழுவையே. 2009 பெப்ரவரியில் அதனை எழுதியவரைக் காட்டிக்கொடுப்போர்க்கு மைக்ரோசொப்ட் 2,50,000 டொலர் பரிசு அறிவித்தது.

நதான்ஸ் ஆலை

2010 யூன் மாதத்திற் பெலாறுசு நாட்டுத் தடுப்பு நிறுவனமொன்று கண்டறிந்த ‘ஸ்டக்ஸ்நெட்’, இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ஈரானின் நதான்ஸ் நகரிலுள்ள யுரேனியச் செறிவாக்க ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினிகள் இணையத்தோடு இணைக்கப்படாதவை. அவ்விடைவெளியைக் கடக்கப் பென்டிரைவே பாலமாயிற்று. புழு ஓட்டோரனை நம்பியிருக்கவில்லை. குறுக்குவழிக் கோப்பின் சிறு படத்தை விண்டோஸ் திரையிற் காட்ட முற்படும்போது நிகழும் குறையொன்றைப் பயன்படுத்தியது. கோப்புறையைத் திறந்து கண்ணாற் பார்த்தாலே போதும், சொடுக்குதல் வேண்டியதில்லை.

உட்புகுந்தபின், சீமென்ஸ் நிறுவனத்தின் குறித்த கட்டுப்பாட்டுக் கருவிகள் உளவோவெனத் தேடும். இல்லையெனின் வேறு தீங்கு செய்யாது. உளவெனின், மையவிலக்கிகளின் சுழற்சியைக் கூட்டியும் குறைத்தும் பழுதாக்கும்; அவ்வேளையில் ஒழுங்காக நடப்பதாகவே அளவீடுகளைக் காட்டும். ஏறத்தாழ 1,000 மையவிலக்கிகள் பழுதுற்றிருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிட்டனர். ஐக்கிய அமெரிக்காவும் இசுரவேலும் இதனைப் படைத்தன எனப் பலரும் கொள்வர்; அவ்வரசுகள் அதனை முறைப்படி ஏற்றதில்லை. ஒரு பென்டிரைவிலிருந்து மூன்று கணினிகளுக்கு மேற் பரவாதவாறு அதற்கு எல்லை வகுக்கப்பட்டிருந்தது. எனினும், அது ஆலையைக் கடந்து பல நாடுகளுக்குப் பரவியது.

களையும் முறைகள்

1988 நவம்பர் 2 ஆந் தேதி றொபேட் ரப்பன் மொறிஸ் என்னும் கோணெல் பல்கலைக்கழக மாணவர் விடுத்த புழு இணையத்தை முடக்கியபின், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திற் கணினி அவசர உதவி நிலையம் நிறுவப்பட்டது. பல நாடுகள் அவ்வழியைப் பின்பற்றின. இலங்கையில் அத்தகைய நிலையம் 2006 இல் தொடங்கியது.

தனிப் பொறியொன்றைத் தூய்மை செய்வார்க்கு வேண்டுவது ஒழுங்குமுறை. முதலில் வலையமைப்பினின்றும் பொறியைப் பிரித்தல் வேண்டும். அடுத்து, தூய ஊடகத்திலிருந்து தொடக்கிப் புழுவின் கோப்புகளையும் பதிவேட்டிலுள்ள அதன் பெயரையும் நீக்கல் வேண்டும். பின்பு, முறைமையின் குறையைத் திருத்தல் வேண்டும். இவற்றின் பின்னரே, அந்நிலையத்திற் புழங்கும் பென்டிரைவ் ஒவ்வொன்றையும் சோதித்தல் வேண்டும். இவ்வொழுங்கு மாறின் பயனில்லை. பென்டிரைவை முதலில் துடைத்து, நோயுற்ற பொறியில் மீளச் செருகுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதை ஒக்கும். ஒரேயொரு பென்டிரைவ் விடுபட்டாலும் வேலை முழுவதும் மறுபடி தொடங்கும்.

பயன்படுத்துவோர் கண்ட எளிய காப்பொன்றும் உண்டு. அறிவுறுத்தற் கோப்பின் பெயரிலேயே வெற்றுக் கோப்புறையொன்றைப் பென்டிரைவில் ஆக்கி வைத்தனர். ஒரே இடத்தில் ஒரே பெயருடைய கோப்பும் கோப்புறையும் இருத்தல் இயலாதாகையாற் புழு தன் கோப்பை எழுத இயலாது தவித்தது. பின்வந்த புழுக்கள் அக்கோப்புறையை நீக்கக் கற்றுக்கொண்டன.

இவையெல்லாம் நடந்தும் புழுக்கள் குறையவில்லை. அறியாத பென்டிரைவைச் செருகாதீர் என்னும் அறிவுரை ஆண்டுதோறும் கூறப்பட்டது. நோயுற்றவர் அசட்டையுடையவர் எனப் பழிக்கப்பட்டார். 2009 இல் வெளிவந்த விண்டோஸ் 7, பென்டிரைவில் ஓட்டோரன் இயங்காதவாறு அமைக்கப்பட்டது. 2011 பெப்ரவரியில் அதே மாற்றம் பழைய முறைமைகளுக்கும் அனுப்பப்பட்டது. அவ்வாண்டு மே மாதமளவில், ஓட்டோரன்வழிப் புழுக்களின் தொற்று, முந்திய ஆண்டினும் விண்டோஸ் எக்ஸ்பியில் 59 வீதமும் விஸ்தாவில் 74 வீதமும் குறைந்ததாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. பல்லாண்டு அறிவுரை செய்யாததை வாயிலில் வைத்த ஒரு தாழ் சில மாதங்களிற் செய்தது. மக்களின் இயல்பு அச்சில மாதங்களில் மாறியிருத்தல் இயலாது. மாறியது பொறியின் இயல்பே.

2016 இல் இலினொய் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு இதனை வலியுறுத்துகின்றது. வளாகத்திற் போடப்பட்ட 297 பென்டிரைவ்களுள் குறைந்தது 45 வீதமானவை கண்டெடுத்தோராற் செருகித் திறக்கப்பட்டன. கண்டெடுத்தோருட் பலர் பொருளை உரியவரிடம் சேர்க்கவே அவ்வாறு செய்தனர். நற்குணத்தையே குறையெனக் கொள்ளும் காப்புமுறை நெடுங்காலம் நிலைக்காது.

பிறர் பொறியிற் கைவைத்தல்

ஓட்டோரன் அடைபட்டபின் புழுக்கள் வேறு வேடம் பூண்டன. பென்டிரைவிலுள்ள கோப்புகளை மறைத்துவிட்டு, அவற்றின் இடத்திற் போலிக் குறுக்குவழிகளை வைத்தன. தம் கோப்பெனக் கருதிச் சொடுக்கினால் புழுவும் இயங்கும், கோப்பும் திறக்கும். இம்முறையைக் கையாண்ட ‘பிளக்ஸெக்ஸ்’ என்னும் நாசநிரலின் வடிவமொன்று 2020 முதற் பரவியது. அதனை இயக்கியோர் பின்பு கைவிட்டபோதும் அது தானே பரவிக்கொண்டிருந்தது. 2023 செப்டெம்பரில் செக்கோயா என்னும் பிரெஞ்சு நிறுவனம், அப்புழு கட்டளை பெறும் இணைய முகவரியை 7 டொலருக்குப் பெற்றது. நாள்தோறும் 90,000 முதல் 1,00,000 வரையான முகவரிகளிலிருந்து நோயுற்ற பொறிகள் அதனோடு தொடர்புகொண்டன.

தன்னைத்தான் அழிக்கும் கட்டளை அப்புழுவுள்ளே இருந்தது. அதனை அனுப்பினால் அப்பொறிகள் தூய்மையடையும். ஆயின், உடையவரின் இசைவின்றி அவர் பொறியிற் கட்டளையிடுதல் முறையாகுமா? 2003 இல் ‘வெல்ச்சியா’ என்னும் புழு மற்றொரு புழுவை நீக்குதற்கெனப் பரவி, தானே வலையமைப்புகளை நெரிசலாக்கியமை அறிஞர் நினைவில் இருந்தது. ஆகவே, அந்நிறுவனம் தானே செயற்படாது, முடிவை அவ்வந்நாட்டு அதிகாரிகளிடம் விட்டது. பிரான்சு 2024 யூலையில் இப்பணியைத் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் நீதிமன்ற ஆணை பெற்று, ஏறத்தாழ 4,258 கணினிகளிலிருந்து புழு நீக்கப்பட்டதாக 2025 சனவரியில் நீதித் திணைக்களம் அறிவித்தது. ஆயினும், அக்கட்டளை கணினியைத் தூய்மை செய்யுமன்றிப் பென்டிரைவைத் தூய்மை செய்யாது. பென்டிரைவைத் துடைக்க வேண்டுமெனில் உடையவரின் கோப்புகளைத் தொடுதல் வேண்டும். மேசை அறையிற் கிடக்கும் பென்டிரைவை எந்த ஆணையும் எட்டாது.

இதுகாறும் கூறியவற்றால் இரு முடிபுகள் பெறப்படும். ஒன்று, புழுக்கள் மிகுதியாகப் பரவியது மனிதன் கேட்காததைப் பொறி தானாகச் செய்த காலங்களிலேயாம். நெகிழ்தட்டின் தொடக்கப் பகுதி, இறுவட்டின் ஓட்டோரன், குறுக்குவழியின் சிறு படம் என்னும் மூன்றும் ஒரே குறையின் மூன்று வடிவங்கள். ஆதலின், முதற்பொறுப்பு பொறியை அமைப்போரதே. மற்றொன்று, அமைப்போர் தம் கடனைச் செய்தபின்னும் எஞ்சுவது உண்டு. அது உடையவர் ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள சிறு கருவியைத் தாமே சோதிக்கும் கடமை. இரகூசா நகரத்தார் வாயிலை அடைத்தமையால் நகர மாந்தர் தம் இல்லங்களைத் தூய்மையாக வைத்திருத்தல் வேண்டாததாயிற்று எனக் கூறுதல் இயலாது. முன்னைய கடனை நிறைவேற்றாதார் பின்னையதைப் பிறர்மேற் சுமத்துதல் நேர்மையன்று என்பதை இந்நாற்பதாண்டு வரலாறு காட்டுகின்றது.